82 வயதிலும் தசை தளராத மனிதர்: யார் இந்த ஜோசஃப் பிலாட்டீஸ்?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் நாலு ரீல்ஸுக்கு ஒரு தடவை அந்த மெஷின் வந்துவிடுகிறது. பார்க்கக் கட்டில் மாதிரி இருக்கும். ஸ்பிரிங் மாட்டிய ஒரு பலகை, அதன் மேல் படுத்துக்கொண்டு காலை நீட்டி மடக்கும் ஒரு நடிகை, பின்னணியில் மெதுவான இசை. சென்னை, பெங்களூருவில் இதற்கென்றே தனி ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. கட்டணத்தைக் கேட்டால் பக்கத்துத் தெரு ஜிம்மே பரவாயில்லை என்று தோன்றும். பெயர் பிலாட்டீஸ்.

யோகாவுக்கு வெளிநாட்டில் வைத்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. பெண்களுக்கான உடற்பயிற்சி என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். உண்மையில் அது ஒரு ஆளின் குடும்பப் பெயர். அந்த ஆள் முன்னாள் பாக்ஸர். கோபக்காரர். சுருட்டுப் பிரியர். தன் பயிற்சி முறைக்கு அவர் வைத்த பெயரே வேறு.

கூகுளில் அவர் பெயரைப் போட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைக்கும். இரண்டிலும் அவர் மேல்சட்டை இல்லாமல் நிற்கிறார். ஒன்று 57 வயதில் எடுத்தது, இன்னொன்று 82 வயதில் எடுத்தது என்று குறிப்பு இருக்கும். இரண்டாவது படத்தில் தோல் சுருங்கியிருக்கிறது, முடி நரைத்திருக்கிறது. தோள், மார்பு, தொடைத் தசைகள் மட்டும் பெரிதாக மாறவில்லை. அந்த 25 வருஷத்தில் அவர் உடம்புக்குள் என்ன நடந்தது, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏன் அது நடப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

நோஞ்சான் பையன்

ஜோசஃப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். பிறவியிலேயே பலசாலி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ், மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என மூன்றும் சின்ன வயதிலேயே அவருக்கு இருந்தன. ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம் அது. அந்தப் பட்டியலோடு ஒரு பையன் பெரியவனாவதே பெரிய விஷயம்.

அப்பா ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். அன்றைய ஜெர்மனியில் ஊருக்கு ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் கழகங்கள் இருந்தன. பையனும் அதில் சேர்ந்தான். கூடவே குத்துச்சண்டை, நீச்சல், பனிச்சறுக்கு. பதின்ம வயதிலேயே உடற்கூறியல் படங்களுக்கு மாடலாக நிற்கும் அளவுக்கு அவர் உடம்பு தேறியது என்று சொல்லப்படுகிறது. இந்தக் கதைகளில் பலவும் அவரே பின்னாளில் சொன்னவை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கலர் சேர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. நோய்ப்பட்ட குழந்தைப் பருவத்தை மட்டும் எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். உடம்பு என்பது கிடைத்தபடி இருப்பதல்ல, வேலை செய்து மாற்றக்கூடியது என்ற பிடிவாதம் அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முள்வேலிக்குள்

முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே பிலாட்டீஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1914இல் போர் வெடித்ததும் பிரிட்டனில் இருந்த ஜெர்மானியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். முதலில் லங்காஸ்டரில் ஒரு முகாம், பிறகு மான் தீவில் இருந்த நாக்கலோ முகாம். ஒரு கட்டத்தில் நாக்கலோவில் மட்டும் சுமார் 23,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்கள். வருஷக்கணக்கில் வேலை இல்லை, எப்போது வெளியே விடுவார்கள் என்றும் தெரியாது. போர் முடியும்வரை பிலாட்டீஸ் அங்கேதான் இருந்தார்.

அங்கே அவர் சக கைதிகளுக்குத் தினமும் பயிற்சி கொடுத்தார். தரையில் படுத்தபடி, எந்தக் கருவியும் இல்லாமல், சொந்த உடம்பின் எடையையே பாரமாக வைத்துச் செய்யும் பயிற்சிகள். இன்று மேட் பிலாட்டீஸ் என்று சொல்வதன் வேர் அதுதான்.

எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை கால்களை இழுக்க வைத்தார் என்ற கதை பிலாட்டீஸ் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். 1918இல் உலகையே உலுக்கிய ஃப்ளூவில் அவர் பயிற்சி கொடுத்த ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டாவது கதையை நான் நம்பத் தயாராக இல்லை. முதல் கதை நடந்ததோ இல்லையோ, ஸ்பிரிங் என்ற யோசனையை அவர் கடைசிவரை விடவில்லை.

அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கவனிக்கலாம். டம்பெல்லின் எடை தூக்கும்போதும் இறக்கும்போதும் ஒன்றுதான். ஸ்பிரிங் அப்படியில்லை. இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். விடும்போது பட்டென்று பின்னால் இழுக்கும். அதை மெதுவாகத் திரும்ப விட வேண்டுமென்றால் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். மாடிப்படி இறங்கும்போது தொடை செய்யும் வேலை இதேதான். வயதானவர்கள் ஏறும்போது மூச்சு வாங்குவார்கள், இறங்கும்போது தடுமாறுவார்கள். விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில். நோயாளிக்கு ஸ்பிரிங்கில் இன்னொரு வசதியும் உண்டு. ஒன்றைக் கழற்றினால் பாரம் குறையும், ஒன்றை மாட்டினால் கூடும். உடம்பு தேறத் தேறப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

42 வயதில் ஆரம்பம்

போர் முடிந்து ஜெர்மனி திரும்பினார். அங்கே நிலைக்கவில்லை. 1926இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்தில் கிளாரா என்ற பெண்ணைச் சந்தித்தார். கடைசிவரை அவருடைய துணையும் தொழிலில் சரிபாதியும் கிளாராதான். பொறுமையான, உண்மையான ஆசிரியர் கிளாராதான், ஜோசஃப் அதட்டுவதோடு சரி என்று அவர்களிடம் படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது ஜோசஃபுக்கு வயது 42. இன்று அவருக்குப் பெயர் வாங்கித் தந்த எல்லாமே அதற்குப் பிறகு நடந்தவை. 30 தாண்டியதும் இனி என்ன இருக்கு என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் 939ஆம் எண் கட்டடத்தில் ஸ்டூடியோ திறந்தார்கள். முதலில் வந்தவர்களில் குத்துச்சண்டைக்காரர்களும் உண்டு. பிறகு வந்த நடனக் கலைஞர்கள்தான் அவரைப் பிரபலமாக்கினார்கள். ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் போன்ற பெரிய நடன மேதைகள் காயம்பட்ட தங்கள் கலைஞர்களை அவரிடம் அனுப்பினார்கள். முட்டி போய்விட்டால் ஒரு டான்ஸருக்கு வாழ்க்கையே போச்சு. அதனால் அவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்தார்கள்.

கருவிகளை எல்லாம் அவரே வடிவமைத்தார். இன்று ரீல்ஸில் வரும் சறுக்குப் பலகைதான் ரிஃபார்மர். நான்கு கம்பங்கள் வைத்த கட்டில் போன்றது கேடிலாக். வுண்டா சேர் என்று ஒன்று, பயிற்சி முடிந்ததும் சாதாரண நாற்காலியாகப் போட்டு உட்காரலாம். நியூயார்க்கின் சின்னச் சின்ன அபார்ட்மென்ட்களில் ஜிம்முக்கு இடம் ஏது என்று யோசித்த ஆளு!

1945இல் 'ரிட்டர்ன் டு லைஃப் த்ரூ கன்ட்ராலஜி' என்ற புத்தகத்தை வில்லியம் ஜான் மில்லருடன் சேர்ந்து வெளியிட்டார். 34 தரைப் பயிற்சிகள், படங்களோடு. மாடல் அவரேதான். வயது அப்போது 60ஐத் தாண்டிவிட்டது. கன்ட்ராலஜி, அதாவது உடம்பைக் கட்டுப்படுத்தும் கலை. அவர் வைத்த பெயர் அதுதான். எத்தனை தடவை செய்தோம் என்பதைவிட ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சரியாகச் செய்தோம் என்பதே அவருக்கு முக்கியம். ஒருவரின் வயதைப் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிடாமல் முதுகெலும்பு எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டார்.

அதே 1945இல், பிலாட்டீஸுக்குச் சம்பந்தமே இல்லாமல், இன்னொரு விஷயமும் நடந்தது. போரில் காயம்பட்டு முட்டி தளர்ந்த அமெரிக்க வீரர்களுக்கு, கனமான எடைகளைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துத் தசையைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நோயாளி என்றால் ஓய்வு என்று நம்பிய காலத்தில் அது பெரிய மாற்றம். டிலார்ம் மருத்துவர் என்பதால் மருத்துவமனைகள் அவரைக் கேட்டன. பட்டம் எதுவும் இல்லாத, உடைந்த ஆங்கிலம் பேசும் முன்னாள் பாக்ஸரை யாரும் கேட்கவில்லை. ஜோசஃபின் வாழ்நாள் குறை அதுதான்.

ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்குச் செய்த அறுவை சிகிச்சையில் மார்புத் தசைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்குவதே கஷ்டம். பிலாட்டீஸிடம் பயிற்சி எடுத்து மறுபடி முழுமையாக அசையத் தொடங்கினார். அதைப் படம்பிடித்து மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் நம்பவில்லை என்று பிலாட்டீஸ் வட்டாரத்தில் இன்றும் ஆதங்கத்தோடு சொல்கிறார்கள்.

வயசானா தசைக்கு என்ன ஆகுது?

30 வயதுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசையை இழக்கிறோம். 60க்குப் பிறகு வேகம் இன்னும் கூடும். எடை பார்க்கும் மெஷினில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், எண் அப்படியே இருக்கும்.

எல்லாத் தசை நார்களும் ஒரே மாதிரி போவதில்லை. நிற்பது, நடப்பது மாதிரியான மெதுவான வேலைகளுக்கான நார்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சட்டென்று எழ, கால் இடறினால் பட்டென்று அடுத்த காலை வைத்துச் சமாளிக்க உதவும் வேக நார்கள்தான் முதலில் சுருங்கும். தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு செல்களும் வயதாக ஆகக் குறையும். தினமும் வாக்கிங் போகும் தாத்தாவும் பாத்ரூமில் வழுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுவதற்கு இது முக்கியமான காரணம். வாக்கிங் இதயத்துக்கு நல்லது. வேக நார்களை அது போதுமான அளவு வேலை வாங்குவதில்லை.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ சோஃபாவிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறார்களா என்று இன்றைக்குப் பாருங்கள். தரையில் உட்கார்ந்தால் எழ எதைப் பிடிக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் முட்டி வலி என்றுதான் சொல்வார்கள். பாதி நேரம் பிரச்சினை முட்டிக்கு மேலே, தொடையில் இருக்கும்.

இந்தத் தசை இழப்புக்கு மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்ததே 1989இல்தான். இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் கிரேக்கச் சொற்களிலிருந்து சார்க்கோபீனியா என்ற பெயரை உருவாக்கினார். சதை இழப்பு என்று பொருள். அதற்கு அடுத்த ஆண்டே மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் செய்த ஆய்வு வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேர், சராசரி வயது 90. தொடைத் தசைக்கு 8 வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட, முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தொடைத் தசையின் பரப்பு கூடியது சுமார் 9 சதவீதம்தான். வலு அவ்வளவு ஏறி, தசை இவ்வளவுதான் வளர்ந்தது என்றால் மீதி எங்கிருந்து வந்தது? நரம்பிலிருந்து. இருக்கிற தசை நார்களைச் சரியாக வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இதுதான். உடம்பை அடக்கி ஆள்வது மூளை என்று பிலாட்டீஸ் ஓயாமல் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அப்போது அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்போ பிலாட்டீஸ் போதுமா?

இங்கே கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். முதுகு வலி, உடல் சமநிலை ஆகியவற்றுக்கு பிலாட்டீஸ் உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் கூன் போட்டு உட்காரும் நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வயதான பிறகு தசையின் அளவைக் கூட்ட வேண்டும் என்றால், கடைசி இரண்டு மூன்று தடவை தூக்கவே சிரமப்படும் அளவுக்குப் பாரம் வேண்டும். அந்தப் பாரமும் மாதாமாதம் கூட வேண்டும். அதற்கு டம்பெல், பார்பெல், ஜிம் மெஷின் இவைதான் எளிய வழி. ஜோசஃபின் உடம்பும் தரைப் பயிற்சியில் மட்டும் வந்ததில்லை. இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பிறகு கனமான ஸ்பிரிங்குகள், இதெல்லாம் ஒருநாளும் விடாமல் அறுபது வருஷம்.

இன்னொன்று, அந்த 34 பயிற்சிகளில் பலவற்றில் முதுகைச் சுருட்டி உருள வேண்டும். எலும்பு மெலிவு இருப்பவர்களுக்கு அது முதுகெலும்பு முறிவில் கொண்டுபோய் விடலாம். யூடியூப் பார்த்து அம்மாவைச் செய்ய வைக்காதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரைத் தள்ளும் புஷ்-அப் என்று தொடங்கினால் போதும். உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்குமே வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கான பயிற்சியைச் சொல்கிறது. 65 தாண்டியவர்களுக்குச் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி 3 நாள்.

சாப்பாடும் இருக்கிறது. வயதான தசை புரதத்தை லேசில் ஏற்றுக்கொள்ளாது. இளைஞருக்குப் போதுமான அளவு அதற்குப் போதாது. ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது முதியோருக்கான பரிந்துரை. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 60 கிலோ அம்மாவுக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ராத்திரி ரெண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் ஒருவர் இந்தக் கணக்கில் எங்கே நிற்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சுருட்டு

1962இல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது பிலாட்டீஸுக்கு 78 வயது. அப்போதும் ஸ்டூடியோவில் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். நியூயார்க் பனியிலும் அரைக்கால் சட்டையோடு வெளியே போவார். உடம்பு விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதர், வாயிலிருந்த சுருட்டை மட்டும் எடுக்கவே இல்லை. மூச்சை முழுமையாக வெளியே விடச் சொல்லிக்கொடுப்பது அவருடைய பயிற்சியின் அடிப்படை. ஆஸ்துமாவோடு வளர்ந்தவர் வேறு. எப்படி இது ஒத்துப்போனதோ தெரியவில்லை.

ஸ்டூடியோ இருந்த கட்டடத்தில் 1966இல் தீ விபத்து நடந்தது. அதில் பட்ட அடியால் இறந்தார் என்று பல இணையதளங்கள் இன்றும் எழுதுகின்றன. அவர் இறந்தது 1967 அக்டோபர் 9 அன்று, எம்பைசிமா என்ற நுரையீரல் நோயால். புகைப்பவர்களுக்கு வரும் நோய். வயது 83. தசைகள் கடைசிவரை கைவிடவில்லை, நுரையீரல் கைவிட்டது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

அவருக்குப் பிறகு கிளாரா ஸ்டூடியோவை நடத்தினார். 1977இல் அவரும் மறைந்தார். மாணவி ரோமானா கிரிஸனோவ்ஸ்கா, இன்னும் சிலர் அந்தப் பயிற்சியைக் காப்பாற்றி வந்தார்கள். கன்ட்ராலஜி என்ற பெயர் மெல்ல மறைந்து, பிலாட்டீஸ் என்பதே நிலைத்தது.

1990களில் அது பெரிய வியாபாரமானதும் சண்டை வந்தது. அந்தப் பெயரை டிரேட்மார்க்காக வைத்திருந்த ஒருவர், அனுமதியில்லாமல் யாரும் பிலாட்டீஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றார். வழக்கு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. 2000 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. யோகா, கராத்தே மாதிரி அது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், தனி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று சொல்லி டிரேட்மார்க்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

அதற்குப் பிறகுதான் ஊர் ஊருக்கு ஸ்டூடியோக்கள் முளைத்தன. மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகளிலும் ரிஃபார்மர் நுழைந்தது. தன் வாழ்நாள் முழுக்க ஜோசஃப் பிலாட்டீஸ் கதவைத் தட்டிக்கொண்டிருந்த இடம் அதுதான்.